ஒரே கல்லுக்கு மூன்று எடை: யார் சொன்னது சரி?

கேள்வி: அம்மா காலமாகி ஓராண்டு ஆகிறது. அவருடைய நகைகளில் மூன்று மட்டும் பிரிக்கப்படாமல் இருக்கின்றன. ஒரு கெம்பு அட்டிகை, ஒரு முத்துச்சரம், ஒரு நீலக்கல் மோதிரம். மோதிரத்தின் பிடி தேய்ந்து கல் தனியே வந்துவிட்டது. அந்தக் கல்லைத் தருமபுரியில் ஒரு கடையில் நிறுத்து 4.78 கேரட் என்றார்கள். கிருஷ்ணகிரியில் ராசிக்கல் விற்பவர் ஐந்தேகால் ரத்தி என்றார். சேலத்தில் ஒரு பெரியவர் எட்டு ரத்திக்குக் கொஞ்சம் குறைவு என்றார். அட்டிகை மொத்தம் 48 கிராம். சுமார் 4 மில்லிமீட்டர் அளவில் அறுபது கெம்புக் கற்கள் இருக்கின்றன. ஒரு கடையில் கல்லுக்காக 14 கிராம் கழித்தார்கள், மற்றொரு கடையில் 9 கிராம். ‘கல்லுக்கெல்லாம் மதிப்பு கிடையாது’ என்பதில் மட்டும் இருவரும் ஒன்றாகப் பேசினார்கள். முத்துச்சரத்தை ‘தூத்துக்குடி முத்து’ என்று அம்மா சொல்வார். நடுவில் பெரிய முத்தும் ஓரங்களில் சிறியவையுமாகக் கோத்தது. அதை அறுத்து எடை போட்டு மூன்று சம பங்காகப் பிரித்துக்கொள்ளலாம் என்கிறார் அண்ணன். தங்கைக்கு அதில் விருப்பமில்லை. மோதிரத் தங்கம் 22 கேரட், கல் மட்டும் 4.78 கேரட் என்றால் கல் மட்டமானதா? யாரை நம்புவது?
— பாலக்கோடு அருகிலிருந்து ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கல்லின் எடையைப் பொறுத்தவரை மூன்று பேருமே உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். மூவர் சொன்னதும் ஒரே எடை. கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு கேரட் என்பது 200 மில்லிகிராம். எனவே 4.78 கேரட் என்றால் 0.956 கிராம். ராசிக்கல் வியாபாரத்தில் புழங்கும் ரத்தி சுமார் 182 மில்லிகிராம். 0.956 கிராமை அதனால் வகுத்தால் ஐந்தேகால் வரும். சேலத்துப் பெரியவர் பழைய தட்டார் ரத்தியில் நிறுத்திருக்கிறார். அது நம்முடைய குன்றிமணி எடை, ஏறக்குறைய 121.5 மில்லிகிராம். அதில் வகுத்தால் 7.87 வரும். எட்டுக்குக் கொஞ்சம் குறைவு என்று அவர் சொன்னது மிகச் சரி. பழைய தராசில் அவ்வளவு நுட்பமாக நிறுத்த அந்தப் பெரியவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ரத்தி ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். கேரட் மாறாது. அதற்கும் ஒரு காலத்தில் ஊருக்கு ஓர் எடை இருந்தது. 1907-இல் எடை அளவைகளுக்கான பன்னாட்டு மாநாடு அதை 200 மில்லிகிராம் என்று அறுதியிட்ட பிறகுதான் உலகமெங்கும் ஒன்றானது. அதை நூறாகப் பிரித்து, நம் கடைகளில் சென்ட் என்கிறோம். 4.78 கேரட் என்பது 478 சென்ட். ஆகவே யார் எந்தக் கணக்கில் சொன்னாலும், ‘மில்லிகிராமில் எவ்வளவு?’ என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லத் தயங்குபவரிடம் கல்லைக் கொடுக்காதீர்கள்.

இதில் விலை சம்பந்தப்பட்ட தந்திரம் ஒன்று உண்டு. ஒருவர் கேரட் 10,000 ரூபாய் என்கிறார், பக்கத்துக் கடைக்காரர் ரத்தி 9,500 ரூபாய்தான் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது மலிவாகத் தெரியும். ஆனால் அந்த ரத்தி 0.91 கேரட்தான். கேரட்டுக்கு மாற்றினால் ஏறக்குறைய 10,440 ரூபாய் ஆகிவிடும். ராசிக்கல் வாங்குபவர்கள் ஜோதிடர் எழுதிக்கொடுத்த ரத்திக் கணக்கோடு கடைக்குப் போவதால் இதை யாரும் வகுத்துப் பார்ப்பதில்லை. ஜோதிடத்தைப் பற்றி எனக்குக் கருத்துச் சொல்ல உரிமை இல்லை. வகுத்தலைப் பற்றி உண்டு.

22 கேரட், 4.78 கேரட் குழப்பத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். தங்கத்தின் கேரட் தூய்மையைச் சொல்வது: 24 பங்கில் 22 பங்கு தங்கம். கல்லின் கேரட் வெறும் எடை. இரண்டையும் ஒப்பிடவே கூடாது. 4.78 கேரட் என்பது மோதிரக் கல்லில் நல்ல பெரிய அளவுதான்.

எடை தெரிந்துவிட்டது, சரி. ஆனால் அது எந்தக் கல்லின் எடை? மூன்று கடைகளில் ஒன்றில்கூட இந்தக் கேள்வியை யாரும் எழுப்பவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. கண்ணாடிக்கும் 4.78 கேரட் எடை இருக்கலாம். கல் தனியே கழன்று கிடப்பது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. மோதிரத்தில் இருக்கும்வரை செய்ய முடியாத ஒரு சோதனையை இப்போது பத்து நிமிடத்தில் செய்துவிடலாம்.

கல்லை முதலில் காற்றில் நிறுக்க வேண்டும். பிறகு மெல்லிய கம்பிக் கூண்டில் வைத்துத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு மறுபடி நிறுக்க வேண்டும். தண்ணீரில் எடை குறைந்து காட்டும். காற்றில் உள்ள எடையை அந்தக் குறைவால் வகுத்தால் கல்லின் அடர்த்தி கிடைக்கும். உங்கள் கல் தண்ணீரில் ஏறக்குறைய 3.58 கேரட் காட்டினால் குறைவு 1.20, 4.78-ஐ அதனால் வகுத்தால் 4.0 வரும். நீலக்கல்லும் மாணிக்கமும் ஒரே கனிமக் குடும்பம், இரண்டின் அடர்த்தியும் 4.0. அதே கல் தண்ணீரில் மூன்று கேரட்டுக்கும் கீழே இறங்கினால் பெரும்பாலும் கண்ணாடி அல்லது அயோலைட் போன்ற வேறு கல். இரண்டுக்கும் நடுவில், 3.6 அளவில் அடர்த்தி வந்தால் செயற்கை ஸ்பினலாக இருக்கலாம். பழைய மோதிரங்களில் நீலக்கல் என்ற பெயரில் அதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சோதிக்கும்போது கல்லின் அடியில் காற்றுக் குமிழி ஒட்டிக்கொள்ளும். கடுகளவு குமிழியும் கணக்கைக் கெடுத்துவிடும். தண்ணீரில் ஒரு சொட்டு சோப்புக் கரைசல் விட்டு, மயிரிழைத் தூரிகையால் கல்லைத் தொட்டுத் தடவிவிட்டால் குமிழி விலகும். எவராவது இதைச் செய்யும்போது குமிழியைப் பார்க்காமல் எண்ணை மட்டும் படித்தால், அவர் அவசரத்தில் இருக்கிறார் என்று அர்த்தம்.

அடர்த்தி 4.0 வந்தால் உடனே மகிழ்ந்துவிடவும் வேண்டாம். உலையில் செய்த நீலக்கல்லுக்கும் அதே அடர்த்திதான். அதே கடினம், அதே வேதிப்பொருள். பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னெய் தீச்சுடரில் மாணிக்கம் வளர்க்கும் முறையை 1902-இல் வெளியிட்டார். அடுத்த பத்தாண்டுக்குள் நீலமும் வந்துவிட்டது. நூறு ஆண்டுகளாக அந்தக் கற்கள் நம் நகைகளுக்குள் நுழைந்துகொண்டிருக்கின்றன. செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டுவது திருச்சி வட்டாரத்தில் குடிசைத் தொழிலாகவே வளர்ந்தது. ‘பாட்டி காலத்து நகை, அதனால் கல் அசல்’ என்று என்னிடம் வருபவர்கள் மனம் நோகக் கூடாது என்பதற்காகவே இந்த ஆண்டுக் கணக்கை நான் முதலில் சொல்லிவிடுவது வழக்கம்.

இயற்கையா, செயற்கையா என்பதைப் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் பெரும்பாலும் சொல்லிவிடும். அது தடுமாறினால் நுண்ணோக்கி. கல்லை வெள்ளைத் தாளின் மேல் பிடித்துச் சாய்த்துப் பாருங்கள். பூமியில் விளைந்த நீலத்தில் நிறம் நேர்க்கோட்டுப் பட்டைகளாக, சில இடங்களில் 120 பாகை கோணத்தில் மடங்கி நிற்கும். தீச்சுடரில் வளர்ந்த நீலத்தில் அந்தக் கோடுகள் வளைந்திருக்கும், இசைத்தட்டின் வரிகளைப் போல. உள்ளே உருண்டைக் காற்றுக் குமிழிகளும் தென்படலாம்.

இயற்கைக் கல் என்று முடிவானாலும் அதைச் சூடுபடுத்தி நிறம் கூட்டியிருக்கிறார்களா, பிளவுகளில் ஈயக் கண்ணாடி நிரப்பியிருக்கிறார்களா என்பது அடுத்த கேள்வி. சந்தைக்கு வரும் நீலங்களில் பெரும்பாலானவை சூடு கண்டவைதான். அதை வியாபாரம் ஏற்றுக்கொள்கிறது, சொல்லி விற்க வேண்டும், அவ்வளவே. சூடு காணாத கல்லுக்கு விலை பல மடங்கு கூடலாம். கண்ணாடி நிரப்பிய கல் வேறு கதை. ஆசாரி பற்றவைக்க நெருப்பைக் காட்டினாலோ, மெருகுக்கு அமிலத்தில் போட்டாலோ நிரப்பிய கண்ணாடி கெட்டுக் கல் கோரமாகிவிடும். அதனால் கல் இன்னதென்று தெரியும்வரை அதை மோதிரத்தில் மறுபடி பதிக்கக் கொடுக்காதீர்கள்.

இந்த விவரங்களைத் தருமபுரிக் கடைத்தெருவில் எதிர்பார்ப்பது நியாயமில்லை. பெங்களூருவிலும் சென்னையிலும் ரத்தினப் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன. உங்களுக்கு ஓசூர் வழியாகப் பெங்களூரு பக்கம். அவர்கள் தரும் சான்றிதழில் எடை, மில்லிமீட்டர் அளவு, என்ன கல், இயற்கையா, சூடு கண்டதா என்பவை இருக்கும். விலை இருக்காது. விலை போட்ட சான்றிதழை யாராவது கல்லோடு சேர்த்துக் கொடுத்தால் அதைக் கடை விளம்பரமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கல்லை எவரிடம் கொடுப்பதற்கு முன்னும் நீளம், அகலம், உயரம் மூன்றையும் வெர்னியர் காலிப்பரால் அளந்து எழுதி வையுங்கள். முட்டை வடிவக் கல்லுக்கு மூன்று அளவையும் பெருக்கி, அடர்த்தியால் பெருக்கி, 0.0020-ஆல் பெருக்கினால் தோராயமான கேரட் வரும். உதாரணமாக 11, 9, 6 மில்லிமீட்டர் இருந்தால் 594; அதை 4-ஆலும் 0.0020-ஆலும் பெருக்கினால் 4.75. உங்கள் கல்லின் அளவுகள் இதற்கு அருகில் இருந்தால் எடையும் அளவும் ஒத்துப்போகின்றன என்று பொருள். திரும்பி வரும் கல்லில் இரண்டில் ஒன்று மாறியிருந்தால், கேள்வி கேட்க உங்கள் கையில் தாள் இருக்கும்.

இனி முத்துச்சரம். அண்ணனை முதலில் கத்தரிக்கோலைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். மூன்றாக அறுத்து எடை போடுவது சம பங்கு என்று அவர் நினைக்கிறார். முத்தில் அதுதான் மிகவும் அநியாயமான பங்கு.

பாலக்கோடு தக்காளி மண்டியில் ஒரு பெட்டிக்கு ஒரு விலை என்றால் இரண்டு பெட்டிக்கு இரண்டு மடங்கு. இயற்கை முத்துக்கு அந்தக் கணக்கு செல்லாது. அதன் விலை எடையோடு ஏறுவதில்லை, எடையின் வர்க்கத்தோடு ஏறுகிறது. முத்து வியாபாரத்தில் கிரெயின் என்றொரு எடை உண்டு, 50 மில்லிகிராம். நான்கு கிரெயின் ஒரு கேரட். ஒரே தரமுள்ள இரண்டு முத்துகள், ஒன்று 4 கிரெயின், மற்றொன்று 8 கிரெயின் என்று கொள்ளுங்கள். சிறியதன் கணக்கு நான்கை நான்கால் பெருக்க 16. பெரியதற்கு எட்டை எட்டால் பெருக்க 64. அந்த எண்ணை அன்றைய அடிப்படை விலையால் பெருக்குவார்கள். எடையில் இரண்டு சிறிய முத்துகள் ஒரு பெரிய முத்துக்குச் சமம். விலையிலோ அவை 32-தான், பாதி.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த காலத்தில் இந்தக் கணக்கை நம்மவர்கள் இன்னும் கறாராகவே போட்டார்கள். கரைக்கு வந்த முத்துகளை 20 துளை முதல் 1,000 துளை வரையுள்ள பத்துப் பித்தளைச் சல்லடைகளில் சலித்து அளவு பிரித்தார்கள். பிறகு வடிவம், நிறம், நீரோட்டம் என்கிற பளபளப்பு பார்த்துத் தரம் பிரித்தார்கள். உச்சியில் ஆணி முத்து, கடைசியில் தூள். இடையில் குறுவல் முதலிய பல படிகள். எடையை மஞ்சாடி என்ற பழைய அளவில் எடுத்து, அதை வர்க்கப்படுத்தி, முக்கால் பங்கு கண்டு, முத்துகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது செவ்வு. செவ்வுக்கு இவ்வளவு என்றுதான் விலை பேசினார்கள். ஒரே முத்து ஆறு மஞ்சாடி இருந்தால் முப்பத்தாறில் முக்கால், 27 செவ்வு. அதே ஆறு மஞ்சாடி பன்னிரண்டு முத்துகளாக இருந்தால் 27-ஐப் பன்னிரண்டால் வகுத்து இரண்டேகால் செவ்வு. தராசுத் தட்டில் இரண்டும் சமம். இதைக் கால்குலேட்டர் இல்லாமல் விரல்விட்டுப் போட்டிருக்கிறார்கள்.

உங்கள் சரம் நடுவில் பெருத்து ஓரங்களில் சிறுத்தது. நடுப்பகுதியை எடுப்பவர் எடையில் மூன்றில் ஒரு பங்கு பெறுவார், மதிப்பில் பாதியளவுகூடக் கொண்டுபோய்விடலாம். அது மட்டுமல்ல. நிறமும் நீரோட்டமும் ஒத்துப்போகிற முத்துகளாகத் தேடி, அளவு வரிசைப்படி கோத்த சரத்துக்கு அந்தப் பொருத்தத்துக்கென்றே தனி விலை இருக்கிறது. அறுத்தால் அது ஒருவருக்கும் கிடைக்காமல் போகும்.

ஆனால் இந்த வர்க்கக் கணக்கெல்லாம் இயற்கை முத்துக்குத்தான். உங்கள் அம்மா சொன்ன ‘தூத்துக்குடி முத்து’ உண்மையாக இருக்கலாம். அந்தக் கடலில் கடைசியாக முத்துக் குளித்தது 1961-இல். உங்கள் குடும்பத்தில் யாராவது அதற்கு முன்பே வாங்கியிருந்தால் வாய்ப்பு உண்டு. ஆனால் ஜப்பானில் மிகிமோட்டோ 1893-லேயே அரை உருண்டை முத்தைச் சிப்பிக்குள் வளர்த்துக் காட்டிவிட்டார். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே முழு உருண்டை வளர்ப்பு முத்துகள் உலகச் சந்தைக்கு வந்துவிட்டன. எனவே சரத்தின் வயதைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். துளையைப் பாருங்கள்.

முத்தை நூலில் சற்று நகர்த்தி, துளையின் வாயை லென்ஸில் பார்க்க வேண்டும். போலி முத்தில், அதாவது மேல்பூச்சு பூசிய கண்ணாடி மணியில், துளையோரம் பூச்சு தோல்போல் உரிந்து, அடியில் கண்ணாடி வழவழப்பாகத் தெரியும். வளர்ப்பு முத்தாக இருந்தால் துளைக்குள் சிறிது தூரத்தில் ஒரு கோடு ஓடும். கோட்டுக்கு வெளியே முத்துப் படலம், உள்ளே சிப்பி ஓட்டில் கடைந்த கரு. படலம் எவ்வளவு தடிமன் என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம். மெல்லிய படலம் நாளடைவில் தேய்ந்து கருவைக் காட்டிவிடும். இயற்கை முத்தில் அப்படி ஒரு எல்லைக்கோடு இருக்காது. வெங்காயச் சருகு அடுக்கியது போன்ற படலங்கள் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். நன்னீரில் வளர்க்கும் சீன முத்துகளில் பெரும்பாலானவற்றுக்குக் கரு கிடையாது, அதனால் அவை துளையில் ஏமாற்றும். உறுதியாகச் சொல்ல எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஜெய்ப்பூரில் ரத்தின ஆபரண ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சிலின் பரிசோதனைக் கூடம் போன்ற இடங்களில் அந்த வசதி உண்டு.

முத்தைப் பல்லில் உரசிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். நறநறவென்று இருந்தால் முத்து, வழுக்கினால் போலி. அது ஓரளவு சரி. ஆனால் வளர்ப்பு முத்தும் நறநறக்கும். கேள்வியில் பாதிக்குத்தான் பல் பதில் சொல்லும். நெருப்பில் காட்டும் சோதனையை மட்டும் யார் சொன்னாலும் செய்யவே செய்யாதீர்கள்.

வளர்ப்பு முத்து என்று தெரிந்தால் வர்க்கமும் செவ்வும் வேண்டாம். அதன் அளவை மில்லிமீட்டரில் சொல்வார்கள். மொத்த வியாபாரத்தில் ஜப்பானிய எடையான மொம்மே, 3.75 கிராம், இன்னும் புழங்குகிறது. விலையை நிர்ணயிப்பவை அளவு, உருட்சி, நிறம், நீரோட்டம், மேற்பரப்பின் சுத்தம், படலத்தின் தடிமன், சரத்தின் பொருத்தம். இவற்றில் எனக்கு நீரோட்டம்தான் முதலில். ஜன்னல் வெளிச்சத்தில் முத்தைப் பிடித்தால் ஜன்னல் சட்டத்தின் விளிம்பு அதில் கூர்மையாகத் தெரிய வேண்டும். மங்கிய வெண்மையாக மட்டும் தெரிந்தால் அது எவ்வளவு உருண்டையாக இருந்தாலும் எனக்கு மனம் போகாது.

அட்டிகைக்கு வருகிறேன். பணத்தில் பெரிய வித்தியாசம் உங்களுக்கு இங்கேதான் இருக்கிறது. கல்லின் விலையை விடுங்கள். 14 கிராமுக்கும் 9 கிராமுக்கும் நடுவில் ஐந்து கிராம் தங்கம் நிற்கிறது.

நீங்கள் எழுதிய அளவை வைத்துக் கணக்கிடுகிறேன். 4 மில்லிமீட்டர் வட்டமும் சுமார் 2 மில்லிமீட்டர் உயரமும் உள்ள ஒரு கெம்பு, அசல் மாணிக்கமாகவே இருந்தாலும், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கேரட். அறுபது கல்லுக்கு 20 கேரட், அதாவது நான்கே கிராம். கண்ணாடியாக இருந்தால் இரண்டரை கிராம். 14 கிராம் கழித்தவர், மீதிப் பத்துக் கிராமை அரக்கு என்று சொல்ல வேண்டியிருக்கும். அரக்கு தண்ணீரைவிடக் கொஞ்சமே கனமானது. பத்துக் கிராம் அரக்கு என்றால் கிட்டத்தட்ட இரண்டு தேக்கரண்டி கொள்ளும். ஓர் அட்டிகையின் கல் கூடுகளுக்குள் அவ்வளவு அரக்கை அடைக்க இடம் ஏது? 9 கிராம் கழித்தவரும் தாராளமாகவே கழித்திருக்கிறார். நான் அட்டிகையை நேரில் பார்க்கவில்லை. கற்களின் உயரம் கூடினால் கணக்கும் கூடும். ஆனாலும் 14 என்ற எண்ணை, எப்படி வந்தது என்று எழுதித் தராத ஒருவரிடமிருந்து நான் ஏற்கமாட்டேன்.

இந்தத் தகராறு புதிதல்ல. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் படித்தால், ராஜராஜன் கொடுத்த நகைகளுக்குப் பொன்னை ஆடவல்லான் என்ற எடைக்கல்லாலும், ரத்தினங்களை தட்சிணமேருவிடங்கன் என்ற வேறு எடைக்கல்லாலும் நிறுத்ததாக எழுதியிருக்கிறார்கள். இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு என்பது கணக்கு. முத்துகளில் வட்டம், அனுவட்டம், குறுமுத்து, சப்பத்தி என்று வகை சொல்லி எண்ணிக்கையும் கொடுத்து, அரக்கும் சரடும் உட்பட எடை இவ்வளவு என்று தனியே பொறித்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன் கல்லில் வெட்டி வைத்த விவரத்தை இன்று ஒரு பில்லில் எழுதக் கடைக்காரருக்குக் கை வலிக்கிறது என்றால் என்ன சொல்வது!

‘கல்லுக்கு மதிப்பு கிடையாது’ என்ற பேச்சுக்கும் விளக்கம் தேவை. அந்தக் கடைகள் வாங்குவது தங்கத்தை மட்டும், உருக்கிவிடுவார்கள். வங்கியில் நகைக்கடன் கேட்டாலும் கல்லின் எடையைக் கழித்துத் தங்கத்துக்கு மட்டுமே தருவார்கள். அவர்கள் தொழிலில் கல்லுக்கு மதிப்பு இல்லை, அது சரிதான். அதனால் கல்லே மதிப்பற்றது என்று ஆகிவிடாது. ஹால்மார்க்கும் அப்படியே. 2023 ஏப்ரல் முதல் புதிய நகைகளில் ஆறு எழுத்து–எண் கொண்ட ஹெச்.யு.ஐ.டி. முத்திரை இல்லாமல் விற்கக் கூடாது. அந்த முத்திரையும் தங்கத்தின் தூய்மைக்கு மட்டும்தான் பொறுப்பு. பதித்த கல்லைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது.

அறுபது கெம்பும் ஒரே வகையாக இருக்கும் என்றும் எண்ணாதீர்கள். பழைய அட்டிகைகளில் உதிர்ந்த கல்லுக்குப் பதிலாகக் கையில் கிடைத்ததைப் பதித்துவிடுவார்கள். மாணிக்கம், ஸ்பினல், கார்னெட், செயற்கைக் கெம்பு, கண்ணாடி எல்லாம் ஒரே நகையில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். கல்லைப் பின்பக்கம் மூடிப் பதித்திருப்பதால் அடியில் வைத்த வண்ணத் தகடு கல்லுக்குக் கடன் நிறம் கொடுத்துக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து லென்ஸில் பார்த்து எத்தனை கல் எந்த வகை என்று ஒரு பட்டியல் எழுதலாம், அது போதும். பிரித்துப் பார்க்கச் சம்மதிக்காதீர்கள். நல்ல கைவேலைப்பாடுள்ள அட்டிகை முழு நகையாக விற்கும் விலை, பிரித்த தங்கமும் கல்லும் தனித்தனியே தரும் விலையைவிடக் கூடுதலாக இருக்கக்கூடும். பிரித்த பிறகு அந்த வழி அடைபட்டுவிடும்.

பங்கு பிரிக்கும் பேச்சையும் எழுதியிருக்கிறீர்கள். மூன்று நகை, மூன்று பேர். எதையும் அறுக்காமல், ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு, மதிப்பின் வித்தியாசத்தைப் பணமாக ஈடுகட்டிக்கொள்வதுதான் என் யோசனை. அதற்கு மூன்றையும் ஒரே ஆள், ஒரே நாளில், ஒரே அடிப்படையில் மதிப்பிட வேண்டும். கடையில் புதிதாக வாங்கினால் என்ன விலை, நாம் விற்கப் போனால் கையில் என்ன வரும், இவை இரண்டும் வெவ்வேறு எண்கள். நிறக் கற்களில் இரண்டுக்கும் இடைவெளி மிகப் பெரிது. தங்கையின் மோதிரத்துக்கு வாங்கும் விலையும் அண்ணனின் அட்டிகைக்கு விற்கும் விலையும் போட்டால் வாழ்நாள் மனஸ்தாபம் ஆகிவிடும். குடும்பப் பங்குக்கு, விற்றால் கையில் வரும் விலைதான் சரியான அடிப்படை என்பேன். மதிப்பிடுபவர் அந்த நகைகளை வாங்கப்போகிறவராக இருக்கக் கூடாது. அவருக்கு மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கூலி பேசாமல், வேலைக்கு இவ்வளவு என்று பேசுங்கள்.

முதலில் நீலக்கல்லைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புங்கள். அது இயற்கை, சூடு காணாதது என்று வந்தால் மூன்றில் அதுவே விலை உயர்ந்ததாக இருக்கக்கூடும். உலையில் பிறந்தது என்று வந்தால் மோதிரத்தின் தங்கம் மட்டும் மிஞ்சும். பங்குப் பேச்சு எந்தத் திசையில் போகும் என்பது அந்த ஒரு தாளில் இருக்கிறது. அதற்குள் அட்டிகையைப் பற்றிச் சண்டை போடுவது வீண். இன்னொன்று, கல் 5 கேரட்டுக்குக் கொஞ்சம் குறைவு என்பதால், ‘ஐந்துக்கு மேல் இருந்தால் கேரட் விலையே ஏறும், இது 4.78 தானே’ என்று விலை குறைத்துப் பேசுவார்கள். முழு எண்ணைத் தாண்டும்போது கேரட் விலை ஏறுவது உண்மைதான். பழைய தேய்மானத்தைப் போக்க மெருகு போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், மெருகுக்குப் பின் எத்தனை சென்ட் குறையும் என்று எழுதி வாங்காமல் கொடுக்காதீர்கள்.

முத்துச்சரத்தின் நூல் இற்றுப்போயிருந்தால் அறுந்து உருளும் முன் புதிய பட்டு நூலில், முத்துக்கு முத்து முடிச்சிட்டுக் கோத்துவிடுங்கள். கோப்பதற்கு முன் வரிசை மாறாமல் ஒரு புகைப்படம் எடுத்து, முத்துகளை எண்ணி, நூல் இல்லாமல் மொத்த எடையை மில்லிகிராமில் எழுதி, மூவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.